அந்தத் தரைய மெழுகுனது யாரு?

புராஜெக்ட் ஒன்னு நல்லபடியா கரை சேர்ந்துச்சுன்னு எங்க டீமை ரெண்டு நாளைக்கு ஒரு 'மண் வீடு' ரிசார்ட்டுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. மண் சுவர், ஓட்டுக் கூரை, சாணி மெழுகின தரை, மூங்கில் கட்டில். ஏசி கிடையாது. வாடகையைக் கேட்டா ஏசி இல்லாமலே உடம்பு நடுங்கிரும், அது வேற விஷயம்.

பொய் சொல்லக்கூடாது, ராத்திரி அப்படி ஒரு தூக்கம். நாளெல்லாம் கண்ணாடிக் கட்டடத்துக்குள்ள உக்காந்து பொட்டி தட்டுறவனுக்கு, வெறும் கால் அந்தத் தரையில பட்டதுமே ஏதோ ஊருக்கு வந்துட்ட மாதிரி ஒரு நிம்மதி. திரும்பி வர்ற வேன்ல இருந்தே ஊருக்கு போன் போட்டேன். போடாம இருந்திருக்கலாம்.

விஷயம் என்னன்னா, புதுக்கோட்டைப் பக்கம் எங்க ஊரு வீட்டுல அப்பா மராமத்து வேலை ஆரம்பிக்கிறதா இருந்தார். தாத்தா கட்டின வீடு. சுண்ணாம்புக் காரை பூசின சுவர், சீமை ஓடு, பட்டாசாலையில சிவப்புச் சிமிண்ட் தரை. எல்லாத்தையும் பேத்துட்டு ரெண்டுக்கு ரெண்டு பளபள டைல்ஸ், சுவருக்கு எமல்ஷன், ரூமுக்கு ரெடிமேட் அலமாரி, மேல ஃபால்ஸ் சீலிங்குன்னு பட்ஜெட் போட்டு வச்சிருந்தார். நான் போன்ல ஒரு அரை மணி நேரம் பிரசங்கம் பண்ணேன். இயற்கையான பொருளுக்கு நடுவுல இருந்தா மனசு அமைதியாகும், ரத்த அழுத்தம் குறையும், ஆராய்ச்சியே சொல்லுதுன்னு. இந்த ரிசார்ட்டுல சாணி மெழுகின தரையில படுத்து எப்படித் தூங்குனேன் தெரியுமான்னு.

அப்பா எதுவும் சொல்லல. அம்மா போனை வாங்கி ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க.

"ஏம்ப்பா, அந்தத் தரைய மெழுகுனது யாரு?"

எனக்குப் பதில் தெரியும். காலையில ஆறு மணிக்கு நான் காபி டம்ளரோட வெளிய வந்தப்ப, பக்கத்து அறையில ஒரு அம்மா குத்தவச்சு உக்காந்து கையால மெழுகிட்டு இருந்தாங்க. எங்க அம்மா வயசு இருக்கும். நான் "குட்மார்னிங்" சொல்லிட்டுத் தாண்டிப் போய்ட்டேன்.

அம்மா பொறந்த வீடு முழுக்க சாணித் தரைதான். வெள்ளிக்கிழமை ஆனா மெழுகணும். எங்க அம்மாச்சி மெழுகினாங்க, அப்புறம் எங்க அம்மா, அப்புறம் சித்தி. மாமாக்கள் ரெண்டு பேரும் அந்தத் தரையில பாய் விரிச்சு சுகமாத் தூங்கினாங்க. இப்ப யார்கிட்ட கேட்டாலும் "அந்தக் காலத்துச் சாணித் தரை மாதிரி வருமா!"ன்னு உருகுறது மாமாக்கள்தான். அம்மாவோ சித்தியோ உருகி நான் பார்த்ததே இல்லை.

சரி, அந்த ஒரு கேள்வியோட என் பிரசங்கம் முடிஞ்சிருக்கணும். ஆனா எனக்கும் ஒரு சந்தேகம் உறுத்திக்கிட்டே இருந்துச்சு. அந்த ராத்திரி எனக்குக் கிடைச்ச நிம்மதி நிஜம்தானே? அது எதனால வந்துச்சு? தரையாலயா, இல்ல ரெண்டு நாள் மேனேஜர் மெயில் வராததாலயா? உக்காந்து படிக்க ஆரம்பிச்சேன்.

முதல்ல தொடுதல். மெக்கானிக்கல் படிச்சுட்டு மென்பொருளுக்கு ஓடி வந்த கூட்டத்துல நானும் ஒருத்தன். ஹீட் டிரான்ஸ்ஃபர் பேப்பர்ல அரியர் வச்சவன்கிற தகுதியில சொல்றேன். ஒரே அறையில ஒரே வெப்பநிலையில இருக்குற மரப்பலகையும் கிரானைட்டும் கால்ல பட்டா ஏன் வேற வேற மாதிரி இருக்கு? தேக்கோட வெப்பக் கடத்துதிறன் 0.2-க்குள்ள, கிரானைட்டுக்கு 2.5-க்கு மேல. அடர்த்தியையும் தன்வெப்பத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டா, தொட்ட அந்த நொடியில கிரானைட் நம்ம உடம்புச் சூட்டை மரத்தைப் போல சுமாரா அஞ்சு மடங்கு வேகத்துல உறிஞ்சும். நாம தொட்டு உணர்றது தரையோட வெப்பநிலைய மட்டும் இல்லை, நம்ம சூடு எவ்வளவு வேகமாக் களவு போகுதுங்கிறதையும்தான்.

ஜப்பான்ல 2017-ல ஒரு ஆய்வு வெளியாச்சு. 18 கல்லூரி மாணவிகளைக் கண்ணை மூடச் சொல்லி ஓக் மரம், பளிங்கு, டைல், ஸ்டீல் இதையெல்லாம் 90 நொடி உள்ளங்கையால தொடச் சொன்னாங்க. மரத்தைத் தொட்டப்ப மூளையோட முன்பகுதிச் செயல்பாடு கொஞ்சம் அடங்குச்சு, உடம்பை ஆசுவாசப்படுத்துற நரம்பு மண்டலம் கூடுதலா வேலை செஞ்சுச்சு. நான் போன்ல அப்பாகிட்ட பெருமையா எடுத்துவிட்டது இந்த மாதிரி ஆராய்ச்சிகளைத்தான். ஆனா 18 பேரு, 90 நொடி, உள்ளங்கை. இதை வச்சுக்கிட்டு 'மர வீட்டுல இருந்தா மன அழுத்தம் போயிரும்'னு சொன்னா, லோக்கல் மெஷின்ல ஒரு தடவை ஓடுச்சுன்னு நேரா புரொடக்‌ஷன்ல ஏத்துற கதைதான்.

இன்னொரு ஆய்வு உண்டு, இன்டீரியர்காரங்க எல்லா இடத்துலயும் மேற்கோள் காட்டுறது. 1984-ல ரோஜர் அல்ரிக் 'சயின்ஸ்' இதழ்ல எழுதினது. பென்சில்வேனியா ஆஸ்பத்திரி ஒன்னுல பித்தப்பை அறுவை சிகிச்சை செஞ்சவங்கள்ல, ஜன்னல் வழியா மரம் தெரிஞ்ச 23 பேரும் செங்கல் சுவர் மட்டும் தெரிஞ்ச 23 பேரும். மரம் தெரிஞ்சவங்க சராசரியா 7.96 நாள்ல வீட்டுக்குப் போனாங்க, மத்தவங்க 8.70 நாள்ல. நல்ல ஆய்வுதான். ஆனா அது ஜன்னலைப் பத்தினது. அதைக் காட்டி மர டிசைன் போட்ட மைக்காவை விக்கிறாங்க பாருங்க, அங்கதான் நமக்கு உஷார் வேணும்.

இன்னொன்னும் யோசிச்சேன். 'இயற்கைப் பொருள்னா கதகதப்பான மரம்'ங்கிறதே குளிர் நாட்டுக்காரன் நினைப்பு. அவனுக்குக் கால் சில்லுன்னு ஆகக்கூடாது. சித்திரை வெயில்ல நமக்கு அதுதானே வரம்! மத்தியானம் சாப்பிட்டுட்டு எங்க அப்பத்தா கட்டில் மெத்தை எல்லாத்தையும் விட்டுட்டு வெறும் சிவப்புத் தரையில தலைக்கு முந்தானையை மடிச்சு வச்சுப் படுக்கும். அதோட உடம்புக்குத் தெரிஞ்ச ஹீட் டிரான்ஸ்ஃபர் எனக்கு ரெண்டாவது அட்டெம்ப்ட்லதான் தெரிஞ்சுச்சு.

அதுலயும் ஒரு வேடிக்கை. இயற்கை இயற்கைன்னு நான் கொண்டாடுற அந்தச் சிவப்புத் தரை சிமிண்ட். அதுல இரும்பு ஆக்சைடு நிறம் கலந்து தேச்சது. ஊரே கொண்டாடுற ஆத்தங்குடிக் கல்லும் சிமிண்டும் மணலும் வண்ணமும் கண்ணாடி மேல ஊத்தி, தண்ணியில ஊறவச்சுக் காயவைக்கிறதுதான், சூளையில சுடுறது கூட இல்லை. அந்தப் பக்கம் பார்த்தா ஆஸ்பெஸ்டாஸ் முழுக்க முழுக்க இயற்கை! பூமியில இருந்து தோண்டி எடுக்குற கனிமம். நுரையீரலுக்கு எமன். ஆக, 'இயற்கை'ங்கிற லேபிளை மட்டும் பார்த்து எதையும் முடிவு பண்ண முடியாதுன்னு ஆயிருச்சு.

அப்ப எதை வச்சு முடிவு பண்றது? அந்தப் பொருள் நமக்கு என்ன செய்யுதுங்கிறதை வச்சுத்தான். எனக்கு இதைப் புரிய வச்சது ரெண்டு சொந்த அனுபவம்.

ஒன்னு சென்னையில. நானும் நண்பனும் ஒரு வாடகை ஃபிளாட்டுக்குப் போனோம். எல்லாம் புத்தம் புது அலமாரி, கதவைத் திறந்தா ஷோரூம் வாசனை. மே மாசம். ஒரு வாரத்துல ரெண்டு பேருக்கும் கண் எரிச்சல், தொண்டையில கரகரப்பு, காலையில தலைவலி. தூசி அலர்ஜின்னு மாத்திரை போட்டோம். ஊருக்குப் போனா சரியாகுது, திரும்பி வந்தா மறுபடி. பார்ட்டிகிள் போர்டு, எம்.டி.எஃப், சாதா பிளைவுட் எல்லாத்தையும் ஒட்ட பெரும்பாலும் யூரியா ஃபார்மால்டிஹைடு பசைதான். அதுல இருந்து ஃபார்மால்டிஹைடு வாயு மாசக்கணக்குல கசியும். சூடும் ஈரப்பதமும் கூடக்கூடக் கசிவும் கூடும், சென்னை மே மாசத்துக்கு வேற என்ன வேணும்? நாங்களோ ஏசிய போட்டு ஜன்னலை இறுக்கி மூடிட்டுப் படுத்தோம். ஸ்பிளிட் ஏசி உள்ள இருக்குற காத்தையே சுத்திச் சுத்திக் குளிர வைக்கும், வெளிக்காத்தைக் கொண்டு வராது. எங்களுக்கு வந்த எரிச்சல் அதனாலதான்னு நிரூபிக்க என்கிட்ட கருவி இல்லை. ஆனா அலமாரிக் கதவுகளைத் திறந்து போட்டு, பகல் பூரா ஜன்னலையும் திறந்து வச்ச ரெண்டு மாசத்துல குறைஞ்சுது.

இது சும்மா பயமுறுத்தல் இல்லை. 2004-ல உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு அமைப்பு ஃபார்மால்டிஹைடை மனுஷனுக்குப் புற்றுநோய் உண்டாக்குற பொருள்னு பட்டியல்ல சேர்த்துச்சு. 2005 கத்ரீனா புயல்ல வீடிழந்தவங்களுக்கு அமெரிக்க அரசு டிரெய்லர் வீடு குடுத்துச்சு. உள்ள குடியிருந்தவங்க மூச்சுத்திணறல், கண் எரிச்சல்னு புகார் சொல்லவும், அரசோட சி.டி.சி 519 வீடுகள்ல காத்தைச் சோதிச்சு 2008-ல முடிவை வெளியிட்டாங்க. சராசரி 77 பிபிபி ஃபார்மால்டிஹைடு, சாதாரண வீடுகள்ல இருக்குறதை விடப் பல மடங்கு. 2010-ல இந்த மாதிரிப் பலகைகளுக்கு அங்க தனிச் சட்டமே வந்துச்சு. இங்க நாம பலகை வாங்கும்போது நிறம் பார்ப்போம், டிசைன் பார்ப்போம், 'இது ஈ-ஒன்னா, ஈ-ஜீரோவா'ன்னு அந்தக் கசிவு அளவைக் கேக்குறவன் எத்தனை பேரு?

ரெண்டாவது அனுபவம் ஊர் வீட்டுல. 2019-ல அப்பத்தா ரூமுக்கு மட்டும் அப்பா ஆசையா சிமிண்ட் பூச்சு பூசி, மேல பிளாஸ்டிக் எமல்ஷன் அடிச்சார். 2021 மழைக்கு அந்தச் சுவர் கொப்புளம் கொப்புளமாப் பொரிஞ்சு, உள்ள கறுப்பாப் பூஞ்சை. அப்பத்தாவுக்கு ராத்திரியெல்லாம் இருமல். இத்தனைக்கும் அதே வரிசையில இருக்குற சுண்ணாம்புச் சுவருக்கு ஒன்னும் ஆகல. காரணம் என்னன்னு கேட்டப்ப எங்க ஊரு வயசான கொத்தனார் ஒரே வரியில சொன்னார்: "தம்பி, மூச்சு விடுற சுவருக்கு மூக்கைப் பொத்திட்டீக."

பழைய வீட்டுக்கு அடியில ஈரத்தடுப்பு எதுவும் கிடையாது. ஓதம் கீழ இருந்து ஏறத்தான் செய்யும். சுண்ணாம்புப் பூச்சுல அந்த ஈரம் அப்படியே வெளிய ஆவியாப் போயிரும். மேல சிமிண்டையும் பிளாஸ்டிக் பெயிண்டையும் போட்டு அடைச்சா ஈரம் உள்ளயே தேங்கும், இன்னும் மேல ஏறும், கடைசியில பூச்சைத் தள்ளிக்கிட்டு வரும். சுண்ணாம்போட காரத்தன்மையில பூஞ்சையும் லேசுல வராது. ஓதமும் பூஞ்சையும் இருக்குற வீட்டுல ஆஸ்துமா, இருமல் தொந்தரவுகள் கூடுதுன்னு உலக சுகாதார நிறுவனம் 2009-ல தனி வழிகாட்டியே போட்டிருக்கு. அப்பத்தா இருமலுக்கு அந்தச் சுவர்தான் காரணம்னு டாக்டர் எழுதிக் குடுக்கல. ரூமை மாத்துங்கன்னு மட்டும் சொன்னார். மாத்தினோம், குறைஞ்சுது.

அதுக்காகச் சுண்ணாம்பு சர்வரோக நிவாரணியும் கிடையாது. எங்க தெருவுல ஒவ்வொரு தடவையும் பழைய ரோட்டைச் சுரண்டாம மேல மேல போட்டுப் போட்டு, ரோடு எங்க திண்ணை உயரத்துக்கு வந்துருச்சு. மழைத் தண்ணி சுவரோரம் நிக்குது. வாய்க்கால் வெட்டித் தண்ணிய வெளிய விடாம எந்தப் பூச்சு பூசியும் பிரயோசனம் இல்லை.

இப்ப திரும்ப அம்மா கேள்விக்கு வர்றேன். படிச்சதையெல்லாம் மண்டையில ஏத்திக்கிட்டு அடுத்த வாரமே ஊருக்குப் போனேன். இந்தத் தடவை பிரசங்கம் பண்ணல, கேட்டேன். அந்த வீட்டுல ஒரு நாளைக்கு அதிக நேரம் இருக்குறது அம்மாவும் அப்பத்தாவும்தான். அப்பா கடைக்குப் போயிருவார், நான் வருஷத்துக்கு பத்து நாள் விருந்தாளி. ஆனா வீட்டுல என்ன பொருள் போடணும்னு சண்டை போட்டுக்கிட்டது அப்பாவும் நானும்!

அம்மா சொன்னது: "அடுப்படியில எனக்கு டைல்ஸ் வேணும். சுவத்துலயும் வேணும். எண்ணெய் தெறிச்சா ஒரு தொடை தொடைச்சா போகணும். சிமிண்ட் தரையில மஞ்சக்கறையும் எண்ணெக்கறையும் தேச்சுத் தேச்சு என் கைரேகை அழிஞ்சதுதான் மிச்சம்."

அப்பத்தா சொன்னது: "அந்தப் பளபளப்பு மட்டும் வேணாம் ராசா." 2022-ல திருச்சியில அத்தை வீட்டுக்குப் போன இடத்துல வெள்ளை டைல்ஸ்ல வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிஞ்சு, ஆறு வாரம் கட்டுப் போட்டிருந்துச்சு. "வெள்ளையில தண்ணி கெடந்தா எங் கண்ணுக்கு எங்க தெரியுது? நம்ம செவப்புல ஈரம் பட்டா கறுத்துக் காட்டிக்குடுத்துரும்." எந்த இன்டீரியர் புத்தகத்துலயும் நான் படிக்காத பாயிண்ட். அதே நேரம் சிவப்புத் தரையும் ஈரத்துல வழுக்கத்தான் செய்யும், கண்ணுக்குத் தெரியுறதால பார்த்து நடக்கலாம், அவ்வளவுதான்.

கடைசியில இப்படி முடிவாச்சு. பட்டாசாலைத் தரையை உடைக்கல, வெடிப்பை மட்டும் அடைச்சாச்சு. நிறம் ஒத்துவரல, ஒட்டுப்போட்ட வேட்டி மாதிரிதான் இருக்கு. அடுப்படிக்கு அம்மா கேட்ட மாதிரி டைல்ஸ், ஆனா பளபளப்பு இல்லாத சொரசொரப்பு. குளியலறைக்கும் அதே. அப்பத்தா ரூம்ல சிமிண்டைக் கொத்தி எடுத்துட்டு மறுபடி சுண்ணாம்புப் பூச்சு. அலமாரிக்குப் பரண்ல கிடந்த பழைய கதவுகளை ஆசாரி இழைச்சுக் குடுத்தார். இழைக்கும்போது எல்லாரும் முகத்துல துணி கட்டிக்கிட்டோம், ஏன்னா பழைய பெயிண்டுல ஈயம் இருக்கும். வீட்டுப் பெயிண்டுல ஈயம் 90 பிபிஎம்-க்கு மேல கூடாதுங்கிற விதி இங்க 2017 நவம்பர்லதான் அமலுக்கு வந்துச்சு. உள்தட்டுக்கு மட்டும் பிளைவுட், அதையும் ஒரு மாசம் திண்ணையில காத்தாட நிறுத்தி வச்சுத்தான் மாட்டினோம். ஃபால்ஸ் சீலிங்கை அப்பாவே வேணாம்னுட்டார். ஓட்டுக்குக் கீழ தாத்தா போட்ட மரத்தைப் பார்த்துக்கிட்டே படுக்குறது அவருக்கும் பிடிக்குமாம். இதை முன்னாடியே சொல்லியிருக்கலாம் அப்பா!

என் கருத்து இதுதான் மக்களே. வீட்டுக்குள்ள இருக்குற பொருள் நம்ம உடம்பையும் மனசையும் தொடுதுங்கிறது நிஜம். தோல் வழியா, மூச்சு வழியா, வழுக்குற கால் வழியாத் தொடுது. பல இடத்துல மரமும் சுண்ணாம்பும் மண்ணும் ஜெயிக்கும். சில இடத்துல ஃபேக்டரி டைல்ஸ் ஜெயிக்கும். ஆனா 'வாழுறவங்களோட நலம்'னு கணக்குப் போடும்போது, அந்தத் தரையில படுக்குறவனோட நிம்மதியை மட்டும் எழுதிட்டு, அதைக் குனிஞ்சு மெழுகுறவளோட முட்டிவலியைக் கணக்குல விட்டா, அந்தக் கணக்கு தப்பு. நான் போட்டது அந்தத் தப்புக் கணக்கு. வீட்டுல வேலை ஆரம்பிக்கப் போறவங்க மேஸ்திரிகிட்ட ரேட் கேக்குறதுக்கு முன்னாடி, துடைப்பம் யார் கையில இருக்கோ அவங்ககிட்ட முதல்ல கேளுங்க.

பி.கு: சிவப்புத் தரையை உடைக்காம விட்டதுக்கு அம்மா ஒரு நிபந்தனை வச்சாங்க. நான் ஊருக்கு வர்ற பத்து நாளும் பட்டாசாலையைத் துடைக்கிறது என் வேலை. போன பொங்கலுக்குத் துடைச்சேன். பட்டாசாலை எவ்வளவு பெருசுன்னு இருபத்தெட்டு வயசுலதான் தெரிஞ்சுச்சு. முதுகு இன்னும் வலிக்குது. உங்க வீட்டுல என்ன தரை, யார் துடைக்கிறாங்கன்னு பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க.